பழைய எண், புதிய எண்

அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. ஆனால் அதன் தெருக்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்தத் தெருவில் கூரையில்லாத வீடுகள் அதிகம், ஆற்றின் இந்தக் கரையில் எத்தனை கதவுகள், அந்தக் கரையில் எத்தனை என்பதெல்லாம் ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்கு மனப்பாடமாக இருந்தது. நான் குடியிருக்கும் சன்னிவேல் அடுக்ககத்தில் எதிர்க் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

ஊரின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. போர் முடிந்த ஒரு சிறிய நகரம், நடுவில் ஓர் ஆறு. போருக்கு முன்னால் இரண்டு கரைகளிலும் இரண்டு இனத்தாரும் கலந்து வாழ்ந்தார்கள். போரின்போது ஓர் இனத்தார் இந்தக் கரைக்கும் மற்றவர்கள் அந்தக் கரைக்கும் துரத்தப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர்கள், காலியாகக் கிடந்த வீடுகளில் குடியேறினார்கள். சண்டை நின்றபோது அரசாங்கம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. பல நாடுகள் சேர்ந்து ஒரு நிர்வாகத்தை அனுப்பின. போலீஸ், நீதிமன்றம், தண்ணீர்க் குழாய், குப்பை வண்டி எல்லாவற்றையும் அந்தச் சர்வதேச நிர்வாகம்தான் நடத்தியது. உள்ளூர் ஆட்களை வைத்தே ஒவ்வோர் அலுவலகமாகக் கட்டியெழுப்பி, ஒருநாள் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்புவது திட்டம்.

எந்த அலுவலகத்தைத் திறந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த வீடு? சம்மன் கொடுக்க, குழாய் இணைப்பு தர, ஆம்புலன்ஸ் அனுப்ப, வாக்காளர் பெயரைச் சேர்க்க, எல்லாவற்றுக்கும் முகவரி வேண்டும். அந்த ஊரிலோ ஒரே தெருவுக்கு இரண்டு பெயர்கள். பாதிக் கதவுகளில் எண்ணே இல்லை. நகராட்சிப் பதிவேடுகள் எரிந்துபோயிருந்தன. ஆகவே ஊர் முழுவதற்கும் புதிதாகத் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்து, அவற்றைக் கணினியில் பதிந்து, நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த மென்பொருளை எழுதும் வேலை, பல கைகள் மாறி, சன்னிவேலில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பெனிக்கு வந்தது. குபெர்டினோவில் பெரிய கம்பெனியில் வேலை போய், விசா கெடுவுக்குள் அடுத்த வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தேன்.

முதலாளி பொள்ளாச்சிக்காரர். நேர்காணலில் என் ரெஸ்யூமேயைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேப்ஸ் தெரியுமுங்களா?"

"அஞ்சு வருஷமா அதான் பண்ணிட்டிருந்தேன்."

"அப்ப இந்தப் புராஜெக்ட்ட எடுத்துக்குங்க. அந்த ஊர்க்காரங்களோட கால் காலைல அஞ்சரைக்கு. நம்ம பசங்க ஒருத்தனும் எந்திரிக்க மாட்டேங்குறான். எல்லாத்துக்கும் டேகேர் டிராப்பு, ஒய்ஃபுக்குத் தூக்கம் கெடுது, அது இதுன்னு. உங்களுக்கு அப்படி ஏதாச்சுமுங்களா?"

"அப்படி எதுவும் இல்ல."

"சூப்பருங்க," என்றார். அவர் மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

அப்படியாக என் நாள் இருட்டில் தொடங்கியது. அங்கே அப்போது பிற்பகல். திரையில் ஒரு பள்ளிக்கூட அறை தெரியும்; நகராட்சி அப்போது அந்தப் பள்ளியில்தான் இயங்கியது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள், காற்றில் அது உப்பி உப்பி அடங்கும். அதற்கு முன்னால் கம்பளிச் சட்டை போட்ட, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. நகராட்சியின் முகவரிப் பிரிவுக்கு நிர்வாகம் நியமித்த பொறுப்பாளர். போருக்கு முன் அதே பள்ளியில் புவியியல் ஆசிரியை. முதல் வாரம் அவரை 'மேடம்' என்றேன். மேடம் என்றால் போலீஸ் நிலையத்தில் நிற்பதுபோல் இருக்கிறது, வேண்டாம் என்றார். எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி 'டீச்சர்' என்றேன். பள்ளி மூடியபின் அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லையாம்.

அவர் என்னைக் 'கலிபோர்னியா' என்று கூப்பிட்டார். "கலிபோர்னியா, இன்னும் விடியலையா? உங்க நாட்டுல சூரியனுக்கும் வேலை போயிடுச்சா?" இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். சின்னச் சின்ன வாக்கியங்கள். அவற்றில் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. நான் முழு நாளில் வாய் திறந்து பேசியது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரம்தான். கம்பெனியில் எல்லோரும் தட்டச்சில் பேசிக்கொள்வார்கள். கடையில் அட்டையைத் தேய்த்தால் போதும். சனிக்கிழமை எல் கமீனோ சாலையில் தோசை சாப்பிடப் போனால், வாசலில் பெயர் எழுதும் பையன், "எத்தனை பேருங்க?" என்பான். ஒருத்தர் என்றால் அவன் முகம் மலரும். "அப்ப வெயிட் பண்ணவே வேணாம், அந்தத் தூணுக்குப் பக்கத்துல ஒரு சீட் இருக்கு." காத்திருக்கும் குடும்பங்களைத் தாண்டிப் போய்த் தூணைப் பார்த்தபடி சாப்பிடுவேன். தனியாக இருப்பதில் இப்படி ஒரு சலுகை உண்டு.

என் தபால்பெட்டியில் பாதி, முன்பு அந்த வீட்டில் இருந்தவருக்கு வருவது. 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பிப் போடுவேன். நாளடைவில் அவருடைய பல் மருத்துவர், அவருடைய கார் காப்பீடு எல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

ஊருக்கான அட்டவணையை நான் வரைந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்க வேண்டிய கட்டங்களை வரிசையாக எழுதினேன். தெரு, புதிய எண், மாடி, வரைபடத்தில் இடம், கூரை உண்டா, குழாய் உண்டா. புதிய எண்ணுக்குப் பக்கத்தில் 'பழைய எண்' என்று ஒரு கட்டத்தையும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. யோசித்துப் போட்டதும் இல்லை. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டில் 'ப.எண் 9, பு.எண் 22' என்று ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். மாநகராட்சி எப்போதோ தெரு முழுக்க எண்ணை மாற்றியது. பழையதை யாரும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில், ரேஷன் அட்டையில், பால்காரரிடம், இரண்டையும் சொல்வோம். சென்னைக்காரிக்கு வீடு என்றால் இரண்டு எண்.

சோதனைப் பதிப்பைத் திறந்த அன்று டீச்சர் அந்தக் கட்டத்தின்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நகர்த்தவில்லை.

"இதை யார் போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் ரெண்டு நம்பர்."

"ரெண்டா? தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார்?"

"கேட் வரைக்கும் வந்து ஃபோன் பண்ணுவார்."

வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் பிளாஸ்டிக் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "என் வீடு அந்தக் கரையில. பதினேழாம் எண். அங்கே இப்போ வேற குடும்பம் இருக்கு. நான் இருக்கிறது இந்தக் கரையில யாரோ விட்டுட்டுப்போன வீடு. வீட்டைத் திரும்பக் கேட்க நிர்வாகம் ஒரு நீதிமன்றம் திறக்கப்போகுது. பத்திரம் எரிஞ்சுபோச்சு. பழைய நம்பர் புது நம்பரோட சேர்ந்து ஒரு இடத்துல பதிவானாத்தான் 'இதுதான் அது'ன்னு என்னால சொல்ல முடியும். இந்தக் கட்டம் இருக்கட்டும், கலிபோர்னியா."

"அது இருந்தா, இப்ப நீங்க இருக்கிற வீடும்..."

"ஆமா. அதுக்கு உரியவர் வருவார். போயிடும்." அவர் தோளைக் குலுக்கினார். "அந்த அடுப்பு எனக்குப் பழகவே இல்லை."

அன்றிலிருந்து அது என் கட்டமாக இல்லை, அவருடைய வீடாகிவிட்டது.

கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கான குறிப்பை நான்தான் எழுதினேன். 'பழைய எண்: கதவில் உள்ளதைப் பார்த்து எழுதவும்.' எங்கள் ஊரில் கதவில் இருப்பதுதான் எண். வேறு எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் அப்படியே எழுதி வந்தார்கள். ஒரு தெருவுக்கு மட்டும் மாதிரித் தகடுகள் செய்யலாம் என்று முடிவாயிற்று. மேலே பெரியதாகப் புதிய எண், கீழே சிறியதாகப் பழைய எண். நானே வடிவமைத்தேன். எங்கள் வீட்டு கேட் மாதிரியே இருந்தது. அந்தக் கரையில் ஒரு தெருவில் தகடுகளை அறைந்துவிட்டு டீச்சர் எனக்குப் படம் அனுப்பினார். நான் அதை முதலாளியிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நமக்குக் குடுத்த வேலையோட ஸ்கோப்ல இது இல்லீங்களே. எதுக்கு நீங்களா ஆட் பண்றீங்க? நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம தலைல வந்து விடியும்."

மறுநாள் காலை டீச்சர் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார். பிளாஸ்டிக் தாளை ஒதுக்கிக் காட்டினார். நகராட்சி வாசல்படியில் அந்தத் தகடுகள் எல்லாம் குவிந்து கிடந்தன. யாரும் உடைக்கவில்லை, வளைக்கவில்லை. ஆணியோடு பிடுங்கி, கொண்டுவந்து, அடுக்கி வைத்திருந்தார்கள். யார் என்று எவரும் பார்க்கவில்லை.

காரணத்தைச் சொன்னவர் சிவில் விவகார அதிகாரி. நிர்வாகம் அனுப்பிய வெளிநாட்டுக்காரர். பொறுமையானவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தண்ணீர் குடிப்பார்.

"பழைய எண் என்று போட்டிருக்கிறீர்கள். எந்தப் பழைய எண்?" என்றார்.

கணக்கெடுப்புப் புகைப்படங்களைத் திரையில் விரித்தார். நான் அவற்றைப் பலமுறை பார்த்தவள். கதவுகளில் சிவப்புச் சாயத்தில், தூரிகையால் அவசரமாக எழுதிய எண்கள். போரின்போது தெருவைப் பிடித்தவர்கள், எந்த வீட்டில் மற்ற இனத்தார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து எழுதியவை. இரண்டு தரப்பும் இரண்டு கரையிலும் எழுதின. எண் விழுந்த வீட்டுக்கு இரண்டொரு நாளில் வண்டி வரும். நான் அவற்றை அழகான எழுத்துருவில், வெள்ளைத் தகட்டில், அதே கதவுகளில் திரும்ப அறையச் செய்திருந்தேன்.

டீச்சர் தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தோன்றவில்லை. அவர் வீட்டுக் கதவில் சாயம் பூசுவதற்கு முந்தைய நாளே அவர் கிளம்பிவிட்டிருந்தார். பழைய எண் என்றதும் அவர் மனதில் இருந்தது பதினேழு மட்டும்தான்.

"அந்தக் கட்டத்தையே நீக்கிவிடுங்கள்," என்றார் அதிகாரி. "புதிய எண் மட்டும் போதும். சுத்தமான தொடக்கம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நீக்குவது எனக்கு ஒரு வரி வேலை. ஆனால் நீக்கினால் பதினேழும் போய்விடும். டீச்சர் நிமிர்ந்து, "என் மனு இதில் இருக்கு. அதனால நான் பேசக் கூடாது. ஆனா என்னைப்போல இரண்டு கரையிலும் நிறையப் பேர் இருக்காங்க," என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி தண்ணீர் குடித்தார். பிறகு, இதை நாம் மூவர் தீர்மானிப்பது சரியல்ல என்றார். நகராட்சிக்கென்று முகவரிக் குழு ஒன்றை அப்போதுதான் அமைத்திருந்தார்கள். கரைக்கு மூவராக ஆறு பேர். ஒருமுறைகூடக் கூடியதில்லை. ஒரே அறையில் உட்கார அவர்கள் சம்மதிக்கவே இல்லை. "முதல் விஷயமாக இதை அவர்களிடம் வைப்போம்," என்றார்.

அந்த வாரம் அம்மாவிடம் பேசினேன்.

"அம்மா, நம்ம வீட்டுப் பழைய நம்பர இன்னும் ஏம்மா எழுதி வெச்சிருக்கோம்?"

"என்னடி கேள்வி இது, காலங்காத்தால? சாப்டியா?"

"சாப்டேன். சொல்லும்மா."

"அப்பா பெயின்ட் அடிக்கும்போது அழிச்சிடலாம்னுதான் பாத்தாரு. உங்க பெரியப்பாவுக்குப் புது நம்பர் தெரியாது, வந்தா அலைவாருன்னு நான்தான் வேணாம்னேன். அவரு போயி எத்தனை வருஷம் ஆச்சு. இப்ப யாரு வரப்போறா? சும்மா இருக்கு, இருக்கட்டுமே. அது சோறா கேக்குது? நீ எப்படி இருக்க? பக்கத்துல பேச்சுத்துணைக்கு யாராவது இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்கம்மா."

"யாரு?"

"ஒரு டீச்சர்," என்றேன்.

குழு கூடிய நாளில் என்னை அந்த அறைச் சுவரில் பெரிய திரையில் போட்டிருந்தார்கள். இங்கே இருட்டு. நான் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பின்னால் துணி காயவைக்கும் கம்பி தெரியாதபடி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். மேசையின் ஒருபுறம் மூவர், மறுபுறம் மூவர். நடுவில் மொழிபெயர்ப்பாளர். டீச்சர் மேசையில் உட்காரவில்லை. சுவரோரம் நாற்காலி போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் வாசல்படியில் கிடந்த தகடுகளைப் பற்றியே பேசினார்கள். குரல் ஏறியது. ஒருவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அந்தக் கரையிலிருந்து வந்த ஓர் அம்மாள், மருந்துக்கடை வைத்திருப்பவர், திடீரென்று திரையைப் பார்த்து என்னிடம் கேட்டார்.

"நீங்க எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"எங்க கதவுல என்ன எழுதியிருந்ததுன்னு தெரியாம எழுதிட்டீங்க, சரி. உங்க ஊர்ல எதுக்கு ரெண்டு நம்பர்? அங்கேயும் சண்டையா?"

"சண்டை இல்லை. மாநகராட்சி மாத்துச்சு. அவ்வளவுதான். யாரும் யாரையும் துரத்தல."

"அப்புறம் பழசை ஏன் வச்சிருக்கீங்க?"

அம்மா சொன்னதுதான் வாயில் வந்தது. "பழைய ஆளுங்க யாராவது தேடி வந்தா, அலையக் கூடாதுன்னு."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஏதோ முனகினார். ஆறு பேரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தே சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது தாமதமாக வந்து சேர்ந்தது. "இங்கே பிரச்சினையே தேடி வந்தவங்களாலதானே," என்றாராம்.

அந்தச் சிரிப்புக்குப் பின் பேச்சு வேறு தொனியில் போனது. நான் எட்ட இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. திரையில் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தகட்டில் புதிய எண் மட்டும். சாயத்தில் எழுதிய எண்கள் எங்கும் இருக்கக் கூடாது. போருக்கு முந்தைய எண் பதிவேட்டுக்குள் இருக்கலாம், வெளியே காட்டக் கூடாது. அந்த எண் இதுதான் என்று இரண்டு சாட்சிகள் சொல்ல வேண்டும். கரைக்கு ஒருவராக.

நானோ அதிகாரியோ எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கடைசி விதி எங்களுக்குத் தோன்றியிருக்காது. அதற்காக மென்பொருளில் சாட்சிகளுக்கு இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். "இதுவும் ஸ்கோப்ல இல்லீங்க," என்றார் முதலாளி. "குழு தீர்மானம்," என்றேன். "ஓ, அவங்க பேசிக்கறாங்களா இப்ப? அப்பச் சரிங்க," என்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

டீச்சருக்கு இந்தக் கரையில் சாட்சி உடனே கிடைத்தது, அவருடைய பள்ளிக்கூடக் காவலாளி. அந்தக் கரையில் யாரும் இல்லை. பழைய அண்டை வீட்டுக்காரர்களில் சிலர் செத்துப்போயிருந்தார்கள், சிலர் நாடு மாறிவிட்டார்கள். அந்தக் கரையில் இருப்பவர்களிடம் போய், எனக்காக வந்து சொல்லுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு காலையும் நான் கேட்பதற்கு முன்பே, "இல்லை, கலிபோர்னியா," என்பார். பிறகு நாங்கள் வேறு தெருக்களின் வேலையைப் பார்ப்போம். மற்றவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்து பச்சையாக மாறிக்கொண்டிருந்தன. பதினேழு மட்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. நான் தினமும் அந்த வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். என்னால் அதில் எதையும் எழுத முடியாது. எழுத முடியாதபடி செய்ததும் நான்தான்.

அங்கே பனி விழத் தொடங்கிய ஒரு நாளில் டீச்சர் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"மருந்துக்கடைக்காரம்மா வந்தாங்க. தானா வந்தாங்க. அவங்க பதினைந்தாம் எண்ணில் இருந்தவங்களாம். எனக்கு அடையாளமே தெரியலை, அப்போ முடி கறுப்பா இருந்தது. அவங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு, குழுவுல உட்கார்ந்த அன்னிக்கே."

"அப்புறம் ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நான் அடையாளம் கண்டுக்கலைன்னு கோபமாம்." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாட்சிப் பத்தியில என்ன சொன்னாங்க தெரியுமா? பதினேழாம் எண் இவங்க வீடுதான், நிச்சயமாத் தெரியும், அந்த வீட்டு நாய் ஒரு நாளும் எங்களைத் தூங்கவிட்டதில்லைன்னு. அப்படியே தட்டச்சு பண்ணிட்டேன். நீதிபதி படிக்கட்டும்."

திரையில் பதினேழு பச்சையானது. நான் எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

நீதிமன்றம் நேரம் எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தபோது நகராட்சிக்குத் தேர்தல் முடிந்திருந்தது. நிர்வாகம் ஒவ்வோர் அலுவலகமாகச் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. முகவரிப் பிரிவின் முறை வந்தது. ஒப்படைப்புக்கான வேலைகளை நானே வரிசைப்படுத்தினேன். காப்புப் பிரதி, கையேடு, கடவுச்சொல் மாற்றம், பயிற்சி. கடைசி வரி: வெளியாட்களின் அணுகலை நீக்குதல். வெளியாள் என்றால் நான் ஒருத்திதான்.

"நல்ல வேலை பண்ணுனீங்க," என்றார் முதலாளி. "கஸ்டமர் நம்ம உதவியே வேண்டாங்குறான் பாருங்க. அதுதாங்க வெற்றி. ரெவின்யூவுக்குத்தான் கொஞ்சம் இடிக்குது."

கடைசி அழைப்பை டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து செய்யவில்லை. மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு தெருவில் நின்றிருந்தார். முதலில் வானம் தெரிந்தது, பிறகு அவருடைய மோவாய், பிறகு ஒரு கதவு.

"பாருங்க. கூரை பாதி இல்லை. ஜன்னல் எதுவும் இல்லை. இருந்தவங்க அலமாரியைக்கூடத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, பாவம், அவங்களுக்கும் வேணுமே. ஆனா என் அடுப்பு இருக்கு."

"பழைய வீட்டுக்காரர் வந்தாரா? நீங்க இதுவரைக்கும் இருந்த வீட்டுக்கு?"

"வந்தார். சுவருக்கு நான் அடிச்ச நிறம் பிடிக்கலைன்னார். சாவியைக் கொடுத்துட்டு வந்தேன்."

கதவை ஒட்டிய சுவரில் தகடு இருந்தது. புதிய எண் மட்டும். அதற்குக் கீழே செங்கல்லில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கேமராவைக் கிட்டே கொண்டுபோனார். சாக்பீஸால் எழுதிய 17. கரும்பலகையில் எழுதுகிறவரின் கையெழுத்து, ஒன்றுக்குத் தலையில் ஒரு சின்னக் கொடி.

"டீச்சர்! வெளியே காட்டக் கூடாதுன்னு குழு தீர்மானம். நீங்கதான் அதிகாரி."

"சாக்பீஸ்தானே. சட்டத்துல சாக்பீஸ் வராது. மழை வந்தா போயிடும்."

"போயிட்டா?"

"மறுபடி எழுதுவேன். பள்ளிக்கூடத்துல பெட்டி பெட்டியா இருக்கு." பிறகு, "உங்க நம்பரைச் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன்," என்றார்.

அடுக்கக எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னேன்.

"பழைய நம்பர்?"

"வில்லிவாக்கத்துல ஒன்பது."

"அது உங்க அம்மா வீடு. நான் கேக்குறது உங்களோடது. இப்ப இருக்கிற வீட்டுக்கு."

"இதுக்கு ஒரே நம்பர்தான், டீச்சர்."

எழுதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசி வரி பாக்கி இருந்தது. எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னேன். அவர் கணினியைச் சுவர்மேல் வைத்துக்கொண்டார். "இதை நீங்களே பண்ணிக்கலாமே?"

"முடியாது, டீச்சர். நிர்வாகி நீங்க. நீங்கதான் என்னை எடுக்கணும்."

"ஒரு ஆளை நீக்குறதுக்கு இவ்வளவு சின்னப் பட்டன்தானா?" என்றார். அழுத்தினார். அழைப்பு வேறு இணைப்பில் இருந்ததால் அவர் முகம் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் திரையில் ஊர் மட்டும் போய்விட்டது. தெருக்கள், பச்சை வீடுகள், ஆறு எல்லாம் மறைந்து, அந்த இடத்தில் 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. தெளிவாக, மரியாதையாக இருக்க வேண்டும் என்று மூன்று தடவை மாற்றி மாற்றி நான் எழுதிய வாக்கியம்.

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரம்மாவாக இருக்கலாம். "கூரைக்குத் தார்ப்பாய் வந்திருக்கு, பிடிக்கணும்," என்று சொல்லிவிட்டு டீச்சர் கணினியை மூடினார்.

இப்போது எனக்கு வேறு வேலை. வாடிக்கையாளர்கள் எல்லாம் இதே நேர மண்டலத்தில் இருக்கிறார்கள். அஞ்சரைக்கு எழ வேண்டியதில்லை, ஆனாலும் விழிப்பு வந்துவிடுகிறது. காபி போட்டுக்கொண்டு உட்கார்கிறேன். முன்பிருந்தவருக்கு வந்த கடிதங்களில் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதுகிறேன். அந்த ஊரைப் பற்றி எனக்குப் பார்க்கக் கிடைப்பது வானிலை மட்டும்தான். அதற்கு அனுமதி வேண்டியதில்லை. அதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு வாரமாக வெயில் என்று காட்டியது. இன்று அங்கே மழை.